ஒப்பந்தப்படி ஒரு வடை

திருவொற்றியூர்
6.4.1999

திரு. குணசேகரன் அவர்களுக்கு,
செயலாளர், தொழிலாளர் சங்கம்.

வணக்கம். நேற்று காலை கேண்டீன் கவுன்ட்டரில் நாம் இருவரும் செய்தது பேச்சு என்ற வகையில் சேராது. நீங்கள் கத்தினீர்கள். நான் கரண்டியால் அண்டாவைத் தட்டினேன். முதல் ஷிஃப்ட் முழுவதும் வேடிக்கை பார்த்தது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் அடைக்கலமேரி. கேண்டீன் மேற்பார்வையாளராக இந்த ஆலைக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. மனையியல் படித்தவள். இதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் ராயபுரத்தில் ஒரு பெண்கள் விடுதியின் சமையலறையைப் பார்த்துக்கொண்டேன். வந்த முதல் வாரமே ஆலை டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார். பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும். முதல் ஷிஃப்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். சென்ற ஆண்டுப் பரிசோதனையில் அறுபத்தொரு பேருக்கு ரத்தத்தில் சர்க்கரை அதிகம். பதினெட்டுப் பேர் பரிசோதனைக்கே வரவில்லை. அடுத்த பரிசோதனை ஜூன் 28. அதில் தகுதியில்லை என்று எழுதப்படுகிறவர்களுக்காக விருப்ப ஓய்வுப் படிவம் அச்சாகி வந்துவிட்டது. விருப்பம் யாருடையது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உங்கள் ஆட்கள் ஐந்தரை மணிக்கு வெறும் டீயோடு வருகிறார்கள். எட்டு மணிக்கு டிபன் சங்கு. பன்னிரண்டு நிமிடம். கை கழுவி, வரிசையில் நின்று, திரும்பி நடப்பது போக வாய்க்குக் கிடைப்பது ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்தில் மூன்று பூரி, ஒரு வடை, பாகு போல ஒரு டீ. நான் பூரி இருந்த இடத்தில் கேழ்வரகு அடையும், வடை இருந்த இடத்தில் சுண்டலும் வைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை. ‘துரோகம்’ என்ற சொல் சுண்டலுக்குப் பெரிது.

இப்படிக்கு,
அடைக்கலமேரி


7.4.1999

மேற்பார்வையாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் சங்கத்தின் செயற்குழுவில் படிக்கப்பட்டு, கீழ்க்கண்டவாறு பதில் தீர்மானிக்கப்பட்டது.

1979ஆம் ஆண்டு இருபத்து மூன்று நாள் வேலைநிறுத்தத்தின் முடிவில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் பிரிவு 14(ஆ) கூறுவதாவது: “முதல் ஷிஃப்ட் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் காலைச் சிற்றுண்டியுடன் மெதுவடை ஒன்று, நாற்பத்தைந்து கிராமுக்குக் குறையாமல், எண்ணெயில் பொரித்தது, வழங்கப்படும்.”

‘எண்ணெயில் பொரித்தது’ என்ற சொற்கள் சும்மா வந்து உட்கார்ந்தவை அல்ல. நிர்வாகம் முதலில் தர இசைந்தது ஒரு ரொட்டித் துண்டு. பிறகு அவித்த ஏதோ ஒன்று. வடை என்ற ஒரே சொல்லுக்காகப் பேச்சுவார்த்தை நான்கு நாள் நீண்டது. அந்த மேசையில் உட்கார்ந்தவர்களில் மிக இளையவன் நான். அந்தக் கோரிக்கையை எழுதிய பேனாவும் என்னுடையது. இருபது ஆண்டுகளில் மூன்று பொது மேலாளர்கள் வந்து போனார்கள். ஒருவரும் அந்த வடையைத் தொட்டதில்லை.

சுண்டல் நல்ல பொருள் என்பதில் சங்கத்துக்கு மாற்றுக் கருத்து இல்லை. அது மாலை வேளையில் கடற்கரையில் உண்ணத் தக்கது. காலையில் இரும்பு காய்ச்சுகிறவனுக்கு அது உணவல்ல என்பதே சங்கத்தின் நிலை.

ஆகவே வடை திரும்பும்வரை உறுப்பினர் எவரும் தங்களுடன் வாய்மொழியாகப் பேசமாட்டார்கள். தொடர்பு யாவும் கேண்டீன் புகார்ப் பெட்டி வழியே எழுத்தில் மட்டும். நாளை காலை தட்டு கவிழ்ப்புப் போராட்டம் நடைபெறும்.

தோழமையுடன்,
கோ. குணசேகரன்

பி.கு.: அடை நடுவில் வேகவில்லை.


9.4.1999

திரு. குணசேகரன் அவர்களுக்கு,

இருநூற்றுப் பன்னிரண்டு எவர்சில்வர் தட்டுகள் ஒரே நேரத்தில் கவிழ்க்கப்படும் சத்தத்தை நான் இதுவரை கேட்டதில்லை. சமையலறையில் எல்லோரும் நின்றுவிட்டோம். உங்கள் ஆலையில் என்னைவிட இருபது வருடம் மூத்த கெங்கம்மா மட்டும் மாவைக் கரைத்துக்கொண்டே இருந்தார். “வூட்டாண்ட தட்ட கவுத்துற தெகிரியம் இதுல எவனுக்குக் கீது? இங்க வந்து காட்டுதுங்க” என்றார். சொன்னவர் உங்கள் சங்கத்தின் உறுப்பினர்தான். நடவடிக்கை எடுக்க வேண்டாம்.

நேற்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது யோசித்தேன். விடுதிப் பெண்கள் நான் எதை வைத்தாலும் சாப்பிட்டார்கள். அதை என் திறமை என்று பதினான்கு ஆண்டுகள் நினைத்திருக்கிறேன். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை என்பது நேற்று விம்கோ நகர் தாண்டும்போதுதான் புரிந்தது. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றியது தவறு. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் கேட்கத் தோன்றுவதில்லை.

திங்கள் முதல் வடை திரும்பும். நாற்பத்தைந்து கிராம், எண்ணெயில் பொரித்தது. ஆனால் இரண்டு வரிசை இருக்கும். ஒன்றில் பூரி, வடை. மற்றதில் என்னுடையது. யாரையும் இழுக்கமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கெங்கம்மா சொல்லிவிடுவார். நேற்று அந்தச் சத்தத்துக்குப் பிறகு, கிரைண்டருக்குப் பின்னால் நின்று நான் இரண்டு வடை சாப்பிட்டேன். அவை சமையலறை ஊழியர்களுக்காகச் சுட்டவை. நன்றாக இருந்தன.

அடை வேகாததற்கு வருந்துகிறேன்.

அடைக்கலமேரி


16.4.1999

மேற்பார்வையாளர் அவர்களுக்கு,

வடை திரும்பியதைச் சங்கம் வரவேற்கிறது. ஆயினும் பேச்சுத் தடை நீடிக்கிறது. காரணம், தங்களது இரண்டாவது வரிசை.

நிர்வாகம் பல ஆண்டுகளாக ஸ்டாப் வாட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு நம் தோழர்களின் வேலையை அளந்துவருகிறது. முதன்முறையாகச் சங்கம் அதே கடிகாரத்தை இரவல் வாங்கி, தங்கள் அடையை அளந்தது. முடிவுகள்:

பூரி மூன்று, வடை ஒன்று: சராசரி ஐந்து நிமிடம் பத்து விநாடி. கேழ்வரகு அடை இரண்டு, சுண்டல் ஒரு கிண்ணம்: சராசரி ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி. தோழர் தாமோதரன் பதினான்கு நிமிடம் எடுத்துக்கொண்டார். அவருக்குக் கடைவாய்ப் பல் இல்லை என்பது உண்மையே. எனினும் பல் இல்லாதவர்களும் உறுப்பினர்களே.

ஆரோக்கியம் வேண்டும் என்றால் நேரம் வேண்டும். தாங்கள் நேரத்தைத் தராமல் அடையைத் தருகிறீர்கள். டிபன் இடைவேளையை இருபது நிமிடமாக்க நிர்வாகத்திடம் கேட்டோம். பதில் வரவில்லை. வராது.

கோ. குணசேகரன்


20.4.1999

திரு. குணசேகரன் அவர்களுக்கு,

உங்கள் அளவீட்டை மூன்று முறை படித்தேன். என் கல்லூரிப் பேராசிரியைகள் யாரும் ஓர் அடையை மெல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குச் சொல்லித்தரவில்லை. சத்துகளின் அட்டவணை மனப்பாடமாகத் தெரியும். தாமோதரனின் பற்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மாற்றிவிட்டேன். அடை போயிற்று. இனி கேழ்வரகுப் புட்டு, வேகவைத்த பச்சைப்பயறுடன். மெல்ல வேண்டியதில்லை. சுண்டலில் கொண்டைக்கடலைக்குப் பதில் காராமணி, நன்றாகக் குழைய. முட்டை வேண்டுகிறவர்களுக்கு உரித்தே வைத்துவிடுகிறோம். முட்டை உரிப்பதில் ஒருவருக்கு நாற்பது விநாடி போவதை நானே அளந்தேன், வீட்டில் என் கணவர் நெல்சனை வைத்து. டீயில் சர்க்கரை தனியாக. எல்லாவற்றையும் சங்கு ஊதுவதற்கு முன்பே தட்டில் பரப்பி மேசையில் வைத்துவிடுகிறோம். வரிசையே வேண்டாம். இந்த வகையில் இரண்டு நிமிடம் மிச்சம். நிர்வாகம் தராத நேரத்தை வேறெங்கும் என்னால் தேட முடியவில்லை.

நேற்று என் பக்கம் உட்கார்ந்தவர்கள் ஒன்பது பேர். அதில் இருவர் இடம் தெரியாமல் உட்கார்ந்துவிட்டவர்கள்.

எண்பது நாளில் சர்க்கரையைக் குறைக்க முடியும் என்று டாக்டர் சொல்கிறார். இன்று எண்ணினால் அறுபத்தொன்பது நாள்தான் மிச்சம்.

அடைக்கலமேரி


3.5.1999

சிஸ்டர்,

இது சங்கக் கடிதம் அல்ல. அதனால்தான் தலைப்புத் தாள் இல்லை. இதைப் பெட்டியில் போடவில்லை, கெங்கம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்தால் ஆலைக்கே தெரிந்துவிடும்.

பரிசோதனைக்கு வராத பதினெட்டுப் பேரில் நான் ஒருவன்.

எனக்குச் சர்க்கரை இருப்பது இரண்டு வருடமாகத் தெரியும். வியாசர்பாடியில் என் வீட்டுக்குப் பக்கத்து மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். காலை நாலரைக்கு மாத்திரை, டீ. பிறகு எட்டு மணிக்கு டிபன். இடையில் நேரம் கிடையாது.

நான் வார்ப்புப் பிரிவில் மேலே ஓடும் கிரேனை இயக்குகிறேன். காய்ச்சிய இரும்பு நிறைந்த வாளியைத் தூக்கி அச்சுக்குக் கொண்டுபோவது. பத்தொன்பது வருடம். சென்ற வெள்ளி, ஏழு மணி இருக்கும், வாளி பாதி வழியில் தொங்கும்போது எனக்குக் கண் இருட்டியது. எத்தனை விநாடி என்று தெரியாது. அளக்க யாரும் இல்லை. கண் தெளிந்தபோது வாளி அங்கேயே நின்றது. கீழே தாமோதரன் எனக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

ஜூன் 28இல் நான் மாட்டுவேன். செயலாளரே தகுதியில்லை என்றால் மற்றவர்களை அனுப்ப நிர்வாகத்துக்கு ஒரு வாரம் போதும். எனக்கு இந்த ஆலையை விட்டால் வேறெதுவும் தெரியாது. என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லுங்கள். வேகமாகச் சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும்.

குணசேகரன்


4.5.1999

குணசேகரன் சார்,

உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

சாப்பாட்டைப் பற்றிப் பிறகு. முதலில் இரண்டு விஷயம். மாத்திரை போட்டுவிட்டு மூன்றரை மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்தால் சர்க்கரை தரைக்கு இறங்கும், கண் இருட்டும். இது என் படிப்புக்கே தெரியும். அதற்கு மேல் தெரியாது. நாளை ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஓ.பி.க்குப் போங்கள். மெடிக்கல் கடைக்காரர் டாக்டர் அல்ல.

இரண்டாவது, டாக்டர் சரி என்று சொல்லும்வரை நீங்கள் அந்தக் கிரேனில் ஏறக்கூடாது. என்ன காரணம் சொல்வீர்களோ அது உங்கள் பாடு. நீங்கள் ஏறினீர்கள் என்று தெரிந்தால் நானே டாக்டரிடம் சொல்லிவிடுவேன். உங்களை மிரட்டுகிறேனா என்று இரவெல்லாம் கேட்டுக்கொண்டேன். ஆம், மிரட்டுகிறேன். கை காட்டிய தாமோதரன் என் மனதைவிட்டுப் போகவில்லை.

இந்த இரண்டுக்கும் சரி என்றால், சமையல் என் பொறுப்பு. ஐந்தேகாலுக்கு நீங்கள் உள்ளே வரும்போது கேழ்வரகுக் கஞ்சி ஒரு டம்ளர் தயாராக இருக்கும். மோரும் சின்ன வெங்காயமும் போட்டது. நின்றபடியே குடிக்கலாம். ஐம்பது விநாடி.

அடைக்கலமேரி


6.5.1999

சிஸ்டர்,

ஸ்டான்லிக்குப் போனேன். வெறும் வயிற்றில் 226. மாத்திரையை மாற்றி, சாப்பாட்டோடு போடச் சொன்னார்கள். கிரேனை என்னிடம் பழகிவந்த பாரியிடம் விட்டுவிட்டேன். ஊதியப் பேச்சுவார்த்தைக்குக் கணக்குத் தயாரிக்க வேண்டும், கீழேயே இருக்கிறேன் என்றேன். ஃபோர்மேன் நம்பினார். பாரி சந்தோஷப்பட்டான்.

கஞ்சி சரி. அந்த நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை. கஷ்டம் எட்டு மணிக்கு. நான் எப்போதும் முதல் மேசையில், எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து வடையைச் சாப்பிடுவேன். அது இருபது வருடப் பழக்கம். நான் உங்கள் பக்கம் போய்ப் புட்டு சாப்பிட்டால் சங்கம் தோற்றது என்று அர்த்தம். வடை இல்லாத தட்டோடு உட்கார்ந்தால் அன்பரசன் கேட்பான். அவன் அடுத்த தேர்தலில் எனக்கு எதிராக நிற்கப்போகிறவன்; என் தட்டையும் பார்ப்பான், என் முகத்தையும் பார்ப்பான்.

எனக்கு ஒரு வடை வேண்டும், சிஸ்டர். வடையாக இல்லாத ஒரு வடை.

குணசேகரன்


13.5.1999

குணசேகரன் சார்,

மூன்று நாள் தோற்றோம். முதல் நாள் செய்தது கொழுக்கட்டைபோல இருந்தது. இரண்டாம் நாள் செய்ததைக் கெங்கம்மா தரையில் போட்டுக் காட்டினார், எம்பியது. அவருக்கு விஷயம் முழுவதும் சொல்லவில்லை. ஒருவருக்கு வயிறு சரியில்லை, பொரித்தது ஆகாது என்று மட்டும் சொன்னேன். “இன்னா மேரிம்மா, இத்த வடைன்னு சொன்னா வடையே கோச்சிக்கும்” என்றார். பிறகு அவரே வழி கண்டுபிடித்தார்.

முளைகட்டிய பச்சைப்பயறு, கொஞ்சம் உளுந்து, ஒரு கை முருங்கைக்கீரை, மிளகு, வெங்காயம். குழிப்பணியாரக் கல்லில் சொட்டு எண்ணெயில் சுட்டு, சூடாக இருக்கும்போதே கட்டைவிரலால் நடுவில் ஓட்டை. மேலே நிறத்துக்காகக் கல்லில் இன்னொரு புரட்டு. இரண்டு வைக்கிறேன், பூரிக்குப் பதில் கோதுமைச் சப்பாத்தி ஒன்று, மடித்து. ஒரு கை தொலைவில் இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கெங்கம்மாவின் கட்டைவிரல் சுட்டுவிட்டது. அதற்காக நீங்கள் ஒரு தீர்மானம் போடலாம்.

நேற்று கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்து உங்களைப் பார்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கடி கடித்து, கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தீர்கள். இவ்வளவு வீரமாக யாரும் முருங்கைக்கீரை சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. அந்த அறுபத்தொரு பேரில் பலரும் அங்கேயே உங்களைப் பார்த்துக்கொண்டே பொரித்த வடையைத் தின்றார்கள்.

அடைக்கலமேரி


28.5.1999

மேற்பார்வையாளர் அவர்களுக்கு,

நேற்று காலை சிற்றுண்டி வேளையில் செயலாளர் கோ. குணசேகரன் அவர்களின் தட்டில் இருந்த வடை, மற்ற உறுப்பினர்களுக்கு வழங்கப்படும் வடையிலிருந்து வேறுபட்டது எனத் தோழர் அன்பரசன் எழுத்துமூலம் புகார் அளித்துள்ளார். மேற்படி வடை பாதியாகப் பிட்கப்பட்டு, உள்ளே பச்சை நிறம் இருந்தது ஏழு செயற்குழு உறுப்பினர்கள் முன்னிலையில் உறுதி செய்யப்பட்டது. செயலாளருக்கு நிர்வாகம் தனிச் சலுகை வழங்குகிறதா என்பதற்குத் தாங்கள் விளக்கம் அளிக்க வேண்டும்.

கோ. குணசேகரன்
செயலாளர்

(தாளின் பின்புறம்)

சிஸ்டர், என்மேல் வந்த புகாரை நானே எழுதி அனுப்ப வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும். வடையை அவன் என் தட்டிலிருந்து நேராக எடுத்துவிட்டான். அதில் முந்திரியும் நெய்யும் இருப்பதாக இப்போது ஃபிட்டிங் பிரிவு வரை பேச்சு. விலைபோய்விட்டேன் என்கிறார்கள், ஒரு வடைக்கு. ஒரு விஷயம் மட்டும் விசித்திரம். சாட்சிப்பொருளை ஏழு பேரும் ருசி பார்த்தார்கள். கடைசியில் சாட்சிப்பொருள் மிஞ்சவில்லை.

வியாழக்கிழமை கேட் மீட்டிங். என்ன சொல்வதென்று தெரியவில்லை. செயலாளருக்கு வயிற்றுப்புண் என்று நீங்கள் விளக்கம் எழுதிக்கொடுத்தால் போதும். ஸ்டான்லியில் இப்போது 171. இன்னும் ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் யாருக்கும் தெரியாமல் தப்பிவிடுவேன்.


29.5.1999

குணசேகரன் சார்,

வயிற்றுப்புண் என்று எழுதி, கையெழுத்தும் போட்டேன். பிறகு கிழித்தேன். பிறகு மறுபடி எழுதினேன். இத்துடன் இருக்கிறது. வேண்டுமானால் படித்துக்காட்டுங்கள். உங்கள் வேலை போனால் அதற்கு என் நேர்மையைக் காரணமாக்க எனக்கு மனமில்லை.

ஆனால் கேட்டதால் சொல்கிறேன். நான் இந்த இரண்டு மாதமாகக் கத்தியும், எழுதியும், முட்டை உரித்தும் என் பக்கத்துக்கு இழுக்க முடிந்தது முப்பத்துநான்கு பேரை. உங்களால் ஒரே காலையில் இருநூறு தட்டுகளைக் கவிழ்க்க முடிகிறது. இதை எண்ணிப்பார்க்கும்போது எனக்கு முதலில் பொறாமை வருகிறது. அப்புறம்தான் மற்றது.

நீங்கள் 171 ஆனீர்கள். அந்த அறுபத்தொரு பேர் என்ன எண்ணில் இருக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. தெரிந்தவர்களும் உங்களைப்போல மறைத்துக்கொண்டிருப்பார்கள்.

நீங்கள் எதைச் சொன்னாலும் ஐந்தேகாலுக்குக் கஞ்சி இருக்கும்.

அடைக்கலமேரி


4.6.1999

குணசேகரன் சார்,

நேற்று கேட் மீட்டிங்குக்கு எனக்கு அனுமதி இல்லை என்பதால் கெங்கம்மாவை அனுப்பினேன். அவர் வந்து நடித்தே காட்டினார். நான் கேட்டது சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பரசன் முதலில் பேசினாராம். தியாகம், வரலாறு, முந்திரி. பிறகு நீங்கள் பெட்டிமேல் ஏறி, சட்டைப் பையில் இருந்து ஒரு தாளை எடுத்தீர்கள். என் வயிற்றுப்புண் தாள்தான். அதைப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைத்தீர்கள். கெங்கம்மா சொன்னபடியே எழுதுகிறேன்:

“எனக்கு சக்கர கீது. ரெண்டு வருசமா கீது. போன வருசம் ரத்தம் எடுக்க கூப்பிட சொல்ல மீட்டிங் கீதுன்னு சொல்லிட்டேன். மீட்டிங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல, வூட்ல படுத்துகினு இருந்தேன். ஒரு மாசம் முன்னால கிரேன் மேல எனக்குக் கண்ணு இருட்டிச்சு. வாளி தொங்கிகினு இருந்துச்சு. கீய நீங்க இருந்தீங்க. இத்த சொல்லாம நான் உங்களுக்கு லீடரா இருக்கக் கூடாது.”

அன்பரசன் கேட்டார், “அப்ப அந்த வடை?”

“அது மருந்து, நைனா. முந்திரி இல்ல. முருங்கக்கீர.”

அதன்பிறகு தாமோதரன் கையைத் தூக்கினாராம். “எனுக்கும் கீது. அந்த வடைல எனுக்கு ஒண்ணு சொல்லு.” பிறகு இன்னொரு கை. பிறகு எண்ண முடியவில்லை என்கிறார் கெங்கம்மா. அன்பரசனின் கையும் இருந்ததாம். அதை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

கேட்டுக்கொண்டே பயறு முளைகட்டியிருந்த துணியைப் பிரித்தேன். நூறு பேருக்குப் போதாது. இன்றுமுதல் அதிகம் ஊறவைக்கிறேன்.

இப்போது உங்கள் பெயர் நிர்வாகத்துக்குத் தெரியும். பயமாக இருக்கிறதா என்று கேட்கமாட்டேன். எனக்கு இருக்கிறது.

அடைக்கலமேரி


19.6.1999

மேற்பார்வையாளர் அவர்களுக்கு,

நிர்வாகத்துடன் மூன்று சுற்றுப் பேச்சுவார்த்தைக்குப் பின் கையெழுத்தான திருத்தம் தங்கள் பார்வைக்கு:

பிரிவு 14(ஆ)வில் ‘எண்ணெயில் பொரித்தது’ என்பதை அடுத்து ‘அல்லது தொழிலாளர் விரும்பினால் கல்லில் சுட்டது’ என்ற சொற்கள் சேர்க்கப்படுகின்றன. நாற்பத்தைந்து கிராம் என்பதில் மாற்றமில்லை. உள்ளே பச்சை நிறம் இருத்தல் குற்றமாகாது.

சர்க்கரை அதிகம் எனத் தெரியவரும் எவருக்கும் ஓய்வுப் படிவம் தரப்படமாட்டாது. ஆறு மாத அவகாசமும் மாற்று வேலையும் தரப்படும். பொது மேலாளர் முதலில் மறுத்தார். கை தூக்கியவர்கள் எழுபத்தொன்பது பேர், அத்தனை பேரையும் அனுப்பினால் உலையை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டோம். அவர் உலையைப் பற்றி யோசித்தார்.

கெங்கம்மாவின் கட்டைவிரலுக்காக ஒரு மர அச்சு செய்து தர, வார்ப்புக்கு மர மாதிரி செய்யும் பேட்டர்ன் பிரிவுத் தோழர்கள் முன்வந்துள்ளனர். ஓட்டையின் விட்டம் எவ்வளவு என்று கேட்கிறார்கள்.

பேச்சுத் தடை இன்றுமுதல் விலக்கிக்கொள்ளப்படுகிறது.

கோ. குணசேகரன்


1.7.1999

சிஸ்டர்,

தடையை விலக்கி இரண்டு வாரமாகியும் எழுதுகிறேன். கவுன்ட்டரில் உங்கள் முன்னால் நின்றால் எனக்கு மேடைப் பேச்சுதான் வருகிறது. இது அதற்கான விஷயமல்ல.

திங்கட்கிழமை ரத்தம் எடுத்தார்கள். 138. டாக்டர் தாளைத் திருப்பிப் பார்த்தார், வேறொருவருடையதோ என்று. வேலைக்குத் தகுதி என்று எழுதினார். அடுத்த வரியில், கிரேன் இயக்க அனுமதி இல்லை, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றும் எழுதினார். அவர் குரலில் அந்த ஆறு மாதம் நீளமாக இருந்தது. நான் வாதாடவில்லை. என் இடத்தில் வேறொரு உறுப்பினர் இருந்தால் வாதாடியிருப்பேன்.

இப்போது அச்சுகளுக்கு மணல் பார்க்கும் வேலை. நேற்று பாரி வாளியைக் கொண்டுபோவதைக் கீழே நின்று பார்த்தேன். பத்தொன்பது வருடமும் நான் இவர்கள் தலையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் வாளி கடக்கும்போது ஒரு கணம் மேலே பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். அவன் நன்றாகத்தான் ஓட்டுகிறான். அதைச் சொல்ல எனக்கு ஒரு நாள் ஆயிற்று.

மேலே இருக்கும்போது, சங்கு ஊதினால் ஏணியில் இறங்கி வர எனக்கு இரண்டு நிமிடம் ஆகும். திரும்ப ஏற இரண்டு. அதனால்தான் எதையும் விழுங்கியே பழகினேன்; மே மாதம் கீழே இறங்கிய பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. இப்போது அந்த நாலு நிமிடமும் என் கையில் இருக்கிறது. முதல் நாள் என்ன செய்வதென்று தெரியாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாமோதரன் இன்னும் பாதியில் இருந்தார். அவர் முடிக்கும்வரை நானும் மென்றேன்.

அந்த வடையில் மிளகு போடுகிறீர்கள் என்பது நாக்குக்கு இப்போதுதான் தெரிந்தது.

குணசேகரன்